பன்னிரண்டு வயதும் வெண்திரையும்

கோடை விடுமுறை தொடங்கியதும் லாஸ்பேட்டையில் நம்மைத் தேடி வரும் பெற்றோர் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. "சாமி, பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கிற மாதிரி ஒரு படம் சொல்லுங்களேன்." ஐந்து வயதுக் குழந்தைக்குப் படம் தேடுவது எளிது, இருபது வயதினர் நம்மைக் கேட்கப்போவதில்லை. பத்துக்கும் பதினான்குக்கும் இடைப்பட்டவர்களே இடர்ப்பாடு. பொம்மைப் படம் என்றால் அவர்கள் முகம் சுளிப்பர். அவர்கள் கேட்கும் படத்திற்குப் பெற்றோர் முகம் சுளிப்பர். இக்கேள்வி நேற்றுத் தோன்றியதன்று. அதன் வரலாற்றில் நம் திருச்சபைக்கும் இடமுண்டு. பெருமைக்குரியதும் நாணத்திற்குரியதுமான இடம்.

திரைப்படம் நம் நாட்டவருக்கு அறிமுகமான கதையே நமக்கு நெருக்கமானது. 1895 டிசம்பர் 28 அன்று பாரிஸில் லூமியேர் சகோதரர்கள் கட்டணம் பெற்றுப் படம் காட்டினர். பத்தே ஆண்டுகளில், 1905-இல், திருச்சியில் இரயில்வே ஊழியராயிருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், தூபோன் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியையும் சில படங்களையும் விலைக்கு வாங்கினார். அவற்றுள் இயேசுவின் வாழ்க்கையைக் காட்டும் படமும் ஒன்று. வேலையை விட்டுவிட்டு ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டிய அவர், 1914-இல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் என்ற நிலையான அரங்கைக் கட்டினார். அந்நாளில் எவருக்கு எந்தப் படம் என்ற பாகுபாடு ஏது? பாட்டி முதல் பேரன் வரை குடும்பமே தரையில் அமர்ந்து பார்த்தது. 1918-ஆம் ஆண்டுச் சட்டம் தணிக்கையைக் கொணர்ந்தது. எனினும் ஒரு படம் அனைவருக்கும் உரியதா, வயதுவந்தோர்க்கு மட்டுமா என்று பிரிக்கும் முறை 1949-இல்தான் வந்தது.

அதற்கு முந்திய ஆண்டில்தான் 'ஞான சௌந்தரி' வெளியாயிற்று. ஒரே கதையைச் சிட்டாடல் நிறுவனமும் ஜெமினி நிறுவனமும் 1948-இல் தனித்தனியே படமாக்கின. சிட்டாடல் படத்தின் வெற்றியைக் கண்ட எஸ்.எஸ். வாசன் தம் படத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். நம் இல்லங்களில் பாட்டிமார் கண்கலங்கப் பேசும் படம் அது. ஆனால் அதன் கதை யாது? மாற்றாந்தாயின் சூழ்ச்சியால் ஒரு பெண்ணின் இரு கைகளும் வெட்டப்படுகின்றன. தேவ அன்னையின் அருளால் அவை மீண்டும் கிடைக்கின்றன. பக்திப் படம் என்ற பெயர் இருந்தமையால், கை வெட்டுண்ட பெண்ணைக் கண்ட பிள்ளை இரவில் உறங்கினானா என்று நம் முன்னோர் கேட்கவில்லை.

அமெரிக்காவிலோ கத்தோலிக்கர் மிகவும் கேட்டனர். 1934-இல் 'லீஜன் ஆப் டீசன்சி' என்னும் கண்ணியக் காப்பு இயக்கம் அங்கே எழுந்தது. தகாத படங்களைப் புறக்கணிப்பதாக மக்கள் கோயில்களில் உறுதிமொழி எடுத்தனர். இம்முயற்சியைப் பாராட்டி 1936 ஜூன் 29 அன்று திருத்தந்தை 11-ஆம் பத்திநாதர் 'விஜிலான்தி கூரா' என்ற சுற்றுமடலை எழுதினார். ஒவ்வொரு நாட்டிலும் ஆயர்கள் ஓர் அலுவலகம் நிறுவி, படங்களைத் தரம் பிரித்து மக்களுக்கு அறிவிக்க வேண்டும் என்றார். அத்தேவையை நாம் குறைத்துப் பேசவில்லை. பட்டியல்களால் காக்கப்பட்ட பிள்ளைகள் பலர். ஆயினும் பட்டியல் இட்டவர்களின் கண்ணுக்குத் தப்பியவையும் உண்டு.

இத்தாலியரான டி சிகா 1948-இல் எடுத்த 'பைசிக்கிள் தீவ்ஸ்' அதற்குச் சான்று. பிழைப்புக்கு இன்றியமையாத மிதிவண்டியைப் பறிகொடுத்த ஓர் ஏழைத் தந்தை, தம் சிறு மகன் புரூனோவை அழைத்துக்கொண்டு உரோமை நகரெங்கும் அதனைத் தேடி அலைகிறார். அமெரிக்கப் படத்தொழிலின் ஒழுக்க விதிகளைக் கண்காணித்த ஜோசப் பிரீன், கத்தோலிக்கர், அப்படத்திற்கு ஒப்புதல் முத்திரை தர மறுத்தார். புரூனோ சுவரோரம் சிறுநீர் கழிக்க முனையும் காட்சியும், திருடனைத் துரத்திக்கொண்டு தந்தை தகாத விடுதி ஒன்றில் நுழையும் காட்சியும் நீக்கப்பட வேண்டுமாம். டி சிகா இணங்கவில்லை. திரைப்படத்தின் நூற்றாண்டையொட்டி 1995-இல் வத்திக்கான் 45 சிறந்த படங்களின் பட்டியலை வெளியிட்டபோது, நற்பண்புகளை உணர்த்தும் படங்களின் வரிசையில் இதே படம் இடம்பெற்றது.

பிரீனைக் குறைகூறும் தகுதி நமக்கில்லை. 2004-ஆம் ஆண்டு 'தி பேஷன் ஆப் தி கிரைஸ்ட்' வெளியானது. அமெரிக்காவில் 17 வயது நிரம்பாதோர் பெரியவர் துணையின்றி அதைப் பார்க்க இயலாது. இது நமக்குத் தெரிந்தேயிருந்தது. ஆயினும் ஆண்டவருடைய பாடுகள்தானே என்ற துணிவில், அடுத்து வந்த தவக்காலத்தில் அப்போது நாம் பணியாற்றிய பங்கில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான மறைக்கல்விப் பிள்ளைகளுக்கு அதனைத் திரையிட்டோம். கசையடிக் காட்சி முடிவதற்குள் ஒரு சிறுமி எழுந்து வெளியே ஓடினாள். அடுத்த இரு ஞாயிறுகள் அவள் கோயிலுக்கு வரவில்லை. பாடுபட்ட சுருபத்தை ஏறிட்டுப் பார்க்கவே அஞ்சுகிறாள் என்று அவளுடைய தாய் வந்து சொன்னபோது நமக்குச் சொல்லிழந்து போயிற்று. பக்திப் படம் என்ற பெயரே நம் கண்ணையும் மறைத்துவிட்டிருந்தது.

சட்டமும் மெல்ல மெல்லத்தான் இப்பருவத்தினரைக் கண்டுகொண்டது. கே.ஏ. அப்பாஸ் தொடுத்த வழக்கில் 1970-இல் உச்ச நீதிமன்றம், திரைப்படம் குழந்தைகளையும் விடலைப் பருவத்தினரையும் பிற கலைகளைவிட ஆழமாய்த் தாக்குவதைச் சுட்டித் தணிக்கையை ஏற்றது. 1983-இல் வந்த 'யு/ஏ' சான்று, 12 வயதுக்குட்பட்டோர்க்குப் பெற்றோர் வழிகாட்டுதல் தேவை என்றது. 2023-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் அதனை ஏழு, பதின்மூன்று, பதினாறு என மூன்று வயதுப் படிகளாகப் பகுத்தது. நல்ல ஏற்பாடே. ஆனால் வீட்டில் கைப்பேசியை நீட்டிவிட்டு அடுக்களைக்குச் செல்லும் பெற்றோருக்கு எந்தப் படியும் உதவாது. திருத்தந்தை 12-ஆம் பத்திநாதர் 1957-இல் எழுதிய 'மிராந்தா புரோர்சுஸ்' சுற்றுமடல், காண்போரைப் பயிற்றுவிக்க வேண்டும் என்று வலியுறுத்தியதும் இதனாற்போலும்.

நம்மிடம் கேட்போர்க்கு நாம் முதலில் சொல்வது மணிகண்டனின் 'காக்கா முட்டை' (2015). தண்டவாளத்தோரம் கரி பொறுக்கும் இரு சிறுவர் பீட்சாவுக்கு ஏங்கும் கதை. "சேரிப் பேச்சு வருகிறதே, சாமி" என்று தயங்கும் தாய்மார் உண்டு. சேரியில் வாழும் பிள்ளைகள் வேறு எந்தப் பேச்சைப் பேசுவார்கள்? வசைமொழியை நம் பிள்ளைகள் பள்ளிப் பேருந்திலேயே கற்றுவிட்டனர். பசியைத்தான் இன்னும் கற்கவில்லை.

சென்ற கோடையில் சற்றே துணிந்து, பெற்றோரையும் உடன் அமர்த்தி, 'பைசிக்கிள் தீவ்ஸ்' திரையிட்டோம். விடுதிக் காட்சியைப் பற்றி முன்னரே பெற்றோரிடம் சொல்லிவைத்தோம். பழைய கறுப்பு வெள்ளைப் படம், அயல்மொழி. பிள்ளைகள் எழுந்து போய்விடுவார்களோ என்ற அச்சம் இருந்தது. கோயிலுக்குள் புரூனோ பாவசங்கீர்த்தனத் தொட்டியின் திரையை விலக்கி உள்ளிருந்த குருவிடம் குட்டு வாங்கியபோது, எல்லாரும் நம்மைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தனர். தந்தை புரூனோவை அறைந்தபோது சிரிப்பு அடங்கியது. இறுதியில் தந்தையே ஒரு மிதிவண்டியைத் திருடி அகப்படுகிறார். அழும் மகனைக் கண்ட உரிமையாளர் அவரை விட்டுவிடுகிறார். விளக்கைப் போட்டதும் ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் எழுந்தான். "அவங்க வண்டியைத் திருடினவன் தப்பிச்சுட்டான். இவரையும் விட்டுட்டாங்க. அப்போ யார் செஞ்சது சரி, ஃபாதர்?"

நாம் வாய் திறக்குமுன் அவனுடைய தந்தை பேசத் தொடங்கினார். அவரை மறுத்துப் பின்வரிசையிலிருந்து ஒரு தாய் பேசினார். அவரை அவர் மகளே மறுத்தாள். இரவு ஒன்பதரைக்குக் கோயில்பிள்ளை சாவிக்கொத்துடன் வந்து வாசலில் நின்றபோதும் பேச்சு ஓயவில்லை.