காயலான் கடையில் பிறந்த அருங்காட்சியகம்

பழைய உளி, இழைப்புளி, ரம்பம் என்று கைக்கருவிகளைத் தேடித் தேடிச் சேர்ப்பவர்கள் உலகெங்கும் உண்டு. அவர்களுக்கெல்லாம் முன்னோடி என்று ஒருவரைச் சொல்லலாம். அமெரிக்காவின் பென்சில்வேனியாவைச் சேர்ந்த ஹென்றி சாப்மேன் மெர்சர் (1856-1930).

தொல்பொருள் ஆய்வாளரான இவர், 1897-ல் கணப்பு அடுப்புக்குப் பழைய இடுக்கி தேடி ஒரு காயலான் கடைக்குப் போனார். அங்கே தச்சர்களும் விவசாயிகளும் கழித்துப் போட்ட கருவிகள் குவிந்து கிடந்தன. எந்திரங்கள் வந்தபின் அவற்றை யார் வாங்குவார்கள்? ஆனால் மெர்சருக்கோ, ஒரு நாட்டைக் கட்டியவர்களின் வரலாறே குப்பைக்குப் போவதாகத் தோன்றியது.

அன்று தொடங்கிய சேகரிப்பு சுமார் 30,000 பொருட்களாகப் பெருகியது. அவற்றுக்காக 1913 முதல் 1916 வரை டாய்ல்ஸ்டவுன் ஊரில் ஆறு மாடி அருங்காட்சியகம் கட்டினார். தீப்பிடித்தால் எல்லாம் போய்விடுமே என்று முழுக்க முழுக்க கான்கிரீட்டிலேயே கட்டினார்! தச்சுக் கருவிகள் பற்றி 1929-ல் அவர் வெளியிட்ட நூலை சேகரிப்பாளர்கள் இன்றும் புரட்டுகிறார்கள்.

அரசர்களின் வாளைப் பாதுகாக்க எப்போதும் ஆள் உண்டு. தச்சனின் உளியையும் பாதுகாக்க வேண்டும் என்று நினைத்ததுதான் மெர்சரின் பெருமை. நம் வீட்டுப் பரணில் கிடக்கும் தாத்தாவின் இழைப்புளியை எடைக்குப் போடுமுன் கொஞ்சம் யோசிக்கலாமே நண்பர்களே!