ஆபீஸ் மெயிலைப் படிக்கலாமா?

மெயில் சர்வரில் ஒரே ஒரு செட்டிங் போதும், எல்லா மெயிலுக்கும் ரகசியமாக ஒரு நகல் சேர்ந்துகொண்டே இருக்கும். சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது?

1996, அமெரிக்கா, பில்ஸ்பரி வழக்கு. மெயில் ரகசியமாக இருக்கும்னு கம்பெனி உறுதி கொடுத்தது, பிறகு அதே மெயிலைக் காட்டி வேலையைவிட்டுத் தூக்கியது என்பது ஊழியரின் வாதம். உறுதி கொடுத்திருந்தாலும் ஆபீஸ் மெயிலில் அந்தரங்கத்தை எதிர்பார்க்க முடியாது என்று பென்சில்வேனியா ஃபெடரல் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது.

ருமேனியாவில், ஆபீஸ் யாஹூ மெசஞ்சரில் சொந்த விஷயம் பேசியதற்காக 2007இல் ஒருவருக்கு வேலை போனது. 2017இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 11-6 என்ற கணக்கில் அவர் பக்கம் நின்றது. கண்காணிக்கவே கூடாதுன்னு அது சொல்லவில்லை. சொந்தப் பேச்சுக்குத் தடை போட்டால் மட்டும் போதாது. எந்த அளவுக்குப் படிப்போம் என்பதை முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும் என்றது.

சர்வர் கம்பெனியுடையதுதான். ஆனால் கேள்வி மாறிவிட்டது: "படிப்போம்னு சொன்னீங்களா?"