ஒரு கொட்டாங்குச்சி மருந்து

எங்க பெரியப்பாவுக்கு இடது கையில் மூணு விரல்தான். மத்த ரெண்டும் 1983-ல் குலதெய்வம் கோயில் திருவிழாவில் போனது. ராமநாதபுரத்துக்குத் தெற்கே, கடல் காத்து வீட்டுக்குள்ளேயே வர்ற மாதிரி ஒரு ஊர். பேரைச் சொன்னாலும் உங்களுக்குத் தெரியப் போறதில்லை. அங்கே சாமி புறப்படும்போது அதிர்வேட்டு போடுவாங்க. தரையில் நட்ட இரும்புக் குழாயில் கருமருந்தைக் கொட்டி, மேலே செங்கல் பொடியை இடிச்சு, திரி வைப்பாங்க. எத்தனையோ வருஷமா அது பெரியப்பா பொறுப்பு. மருந்துக்கு அளவு ஒரு கொட்டாங்குச்சி. அந்த வருஷம் குழாயே பிளந்துடுச்சு.

ஊர் ஒரே வாரத்தில் தீர்ப்பு சொல்லிடுச்சு. "சத்தம் பெருசா வரணும்னு ஆசைப்பட்டு ரெண்டு கொட்டாங்குச்சி போட்டுட்டான்." இன்னும் சிலர் கள்ளுக் குடிச்சிருந்தார்னாங்க. அடுத்த வருஷம் வேட்டு வேற ஆள் கைக்குப் போச்சு. பெரியப்பா 2004-ல் சாகிற வரைக்கும் ஒரே பேச்சுதான்: "ஒண்ணுதான்டா போட்டேன்." நான் உட்பட யாரும் நம்பலை.

போன மாசம் அமெரிக்காவில் இருக்கிற நண்பர் ஒருத்தர் பேசினார். சனி, ஞாயிறு ஆனா கைத்துப்பாக்கித் தோட்டாவைத் தானே நிரப்பி, குறி பார்த்துச் சுடப் போவாராம். அங்கே அது சட்டப்படியான பொழுதுபோக்கு. (நம்ம ஊர்ல 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாம தோட்டா தயாரிச்சா ஜெயில்தான். யாரும் ஆர்வக்கோளாறு பண்ணிடாதீங்க.) பேச்சுவாக்கில் ஒரு வார்த்தை சொன்னார். "மருந்து டப்பா மாறிடுச்சுன்னா பழைய அளவைத் தூக்கிப் போட்டுடணும். தயாரிச்சவன் கொடுக்கிற அட்டவணையைப் பார்த்து, கீழ் அளவிலிருந்து திரும்ப ஆரம்பிக்கணும்."

போனை வெச்சதும் பெரியப்பா ஞாபகம்தான். அதுக்கப்புறம் ஒரு மாசம் படிச்சதைத்தான் இங்கே எழுதறேன்.

துப்பாக்கிக்கு எவ்வளவு மருந்துங்கிறது பல நூறு வருஷம் வெறும் கைக்கணக்கு. குண்டின் எடையில் பாதி, மூணில் ரெண்டு என்று ஆளுக்கு ஒரு வாய்ப்பாடு. நிறையப் போட்டா வேகமாப் போகும் என்கிற நம்பிக்கை. இதை முதன்முதலா ஒழுங்கா அளந்தவர் பெஞ்சமின் ராபின்ஸ் என்கிற ஆங்கிலேயக் கணித மேதை. கனமான மரப்பலகையை ஊசல் மாதிரி தொங்கவிட்டு, அதில் குண்டைச் சுட்டு, பலகை எவ்வளவு பின்னால் போகுதுன்னு ஒரு ரிப்பனை வெச்சு அளந்தார். அதிலிருந்து குண்டின் வேகம் கிடைத்தது. 1742-ல் புத்தகமாகப் போட்டார். சாதாரண ஆள் இல்லை, ஆய்லரே அதை ஜெர்மனில் மொழிபெயர்த்து, மூலத்தைவிட நீளமா உரை எழுதினார்.

ராபின்ஸ் கண்டது இதுதான்: மருந்தைக் கூட்டக் கூட்ட வேகம் கூடும், ஆனா அதே விகிதத்தில் கூடாது. ஒரு கட்டத்துக்கு மேலே போட்டா வேகம் கூடறதுக்குப் பதிலாக் குறையும். அதனால் பீரங்கிகளுக்கு அளவுக்கு மிஞ்சி மருந்து போடுறாங்க, குறைச்சாலே போதும்னு வாதாடினார்.

இவர் கதை முடிஞ்சது எங்கே தெரியுமா? நம்ம கடலூரில்! கிழக்கிந்தியக் கம்பெனி இவரைத் தலைமைப் பொறியாளரா நியமிச்சு, கோட்டைகளைச் சீர்படுத்த அனுப்பியது. 1750-ல் வந்தார். 1751 ஜூலை 29-ல் தேவனாம்பட்டினம் செயின்ட் டேவிட் கோட்டையில் காய்ச்சலில் செத்துப்போனார். வயசு 44. கடைசி வரைக்கும் கையில் பேனா இருந்ததாம்.

ராபின்ஸ் போய் 21 வருஷம் கழித்து, 1772 ஜூனில், ஜெனரல் ஜோசப் ஸ்மித் தலைமையில் கம்பெனிப் படை ஆற்காட்டு நவாபின் மகனோட சேர்ந்து வந்து ராமநாதபுரம் கோட்டையைப் பீரங்கியால் உடைத்தது. ராணி முத்துத் திருவாயி நாச்சியாரும் பாலகன் முத்துராமலிங்க சேதுபதியும் திருச்சிச் சிறைக்குப் போனார்கள். அதே மாசம் காளையார்கோவிலில் முத்துவடுகநாதர் செத்தார். அந்தக் காலத்து ஐரோப்பியப் படைகளில் பீரங்கி மருந்தை முன்கூட்டியே எடை போட்டுத் துணிப்பையில் கட்டி வைப்பார்கள். சிப்பாய்க்குக் காகிதத் தோட்டா. பல்லால் கடிச்சுக் கொட்டினா ஒரு தடவைக்கான அளவு. சண்டையில் கை நடுங்கினாலும் அளவு நடுங்காது.

1801-ல் மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கில் போட்ட பிறகு, அந்த டிசம்பரில் கம்பெனி தென்சீமைப் பாளையங்களில் ஆயுதங்களைத் தடை செய்தது. துப்பாக்கி, வேல், வளரி எல்லாம் போச்சு. எங்க பக்கத்து ஜனங்களுக்கு மருந்தோட மிஞ்சின உறவு கோயில் வேட்டும், நரிக்குறவர்களின் நாட்டுத் துப்பாக்கியும்தான்னு சொல்லலாம். அளக்கக் கொட்டாங்குச்சியே போதும்னு ஆனது இப்படித்தான்.

சரி, அளவு சரியா இருந்தா போதுமா? இங்கேதான் விஷயம்.

எங்க ஊர்ல சீமைக்கருவேலத்துக்குப் பஞ்சமில்லை. அஞ்சு கிலோ சுள்ளியை அடுப்பில் வைங்க, குப்புனு பிடிச்சுப் பத்து நிமிஷத்தில் முடிஞ்சிடும். அஞ்சு கிலோ அடிமரத்துண்டை வைங்க, ராத்திரி முழுக்கக் கணகணன்னு எரியும். மரம் ஒண்ணு, எடையும் ஒண்ணு. தீ படுகிற பரப்புதான் வேற.

மருந்தும் அப்படியே. ஐரோப்பாவில் முதலில் மாவு மாதிரிதான் வெச்சிருந்தாங்க. அப்புறம் ஈரமாப் பிசைஞ்சு மணிமணியா ஆக்கினாங்க. மணிகளுக்கு நடுவே தீ பாய இடம் கிடைச்சதால் சீறிக்கொண்டு எரிந்தது. அதுக்கப்புறம் மணியின் அளவே கணக்காகிவிட்டது. பொடி மணி சின்னத் துப்பாக்கிக்கு, பெரிய மணி பீரங்கிக்கு. 1860-ஐ ஒட்டி அமெரிக்க ராணுவத்தின் தாமஸ் ராட்மன், பீரங்கிக்குள் ஏற்படும் அழுத்தத்தையே அளந்து காட்டினார். மணி பெருசாக ஆக, அதே எடை மருந்துக்கு அழுத்தம் குறைந்தது. மணிக்கு நடுவே துளை போட்டா இன்னும் நல்லதுன்னும் சொன்னார். வெளிப்பக்கம் எரிஞ்சு பரப்பு சுருங்கும்போது, துளையின் உள்பக்கம் எரிஞ்சு பரப்பு விரியும். ரெண்டும் ஒண்ணை ஒண்ணு ஈடுகட்டிக்கும்.

1884-ல் பிரான்சில் பால் வியே புகையில்லா மருந்தைக் கண்டுபிடித்தார். 1889-ல் ஏபெலும் டூவரும் கார்டைட்டுக்குக் காப்புரிமை வாங்கினார்கள். சேமியா மாதிரி இழை இழையா இருக்கும், இழையின் தடிமனை வெச்சு எரியும் வேகத்தை அடக்கலாம். இதைச் செய்யத்தான் நீலகிரியில் அருவங்காடு கார்டைட் தொழிற்சாலையை 1903-ல் தொடங்கினாங்க. குன்னூர் ரயிலில் போனவங்க அந்த ஸ்டேஷனைப் பார்த்திருப்பீங்க. 2021-லிருந்து அது மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின் கீழே ஓடுது.

புகையில்லா மருந்து கரி படியவிடாது. தானே அடுத்த தோட்டாவை ஏத்திக்கிற கைத்துப்பாக்கி பிழைச்சதே அதனாலதான். 1911 ஜூன் 17-ல் மணியாச்சியில் வாஞ்சிநாதன் கையில் இருந்த பிரவுனிங் அந்த ரகம்.

ஆனா இங்கே ஒரு புது ஆபத்தும் வந்தது. புகையில்லா மருந்து கொஞ்சம் போதும். பிரிட்டிஷ் ராணுவத்தின் .455 வெப்லி தோட்டாவை 1897-ல் குட்டையாக்கிட்டாங்க, அவ்வளவு இடமே தேவைப்படலை. குட்டையாக்காத பழைய தோட்டாக்களும் இருக்கு. 1873-ல் வந்த .45 கோல்ட் தோட்டாவில் முதலில் 40 கிரெயின் கருமருந்து. கிரெயின் என்பது சுமார் அரைக் குன்றிமணி எடை, ஆக இருபது குன்றிமணி. இன்றைய மருந்து அதில் கால்வாசிகூட வேண்டாம். மீதி இடம் சும்மா கிடக்கும். கருமருந்துக் காலத்தில் ரெண்டு தடவை போட்டா வழிஞ்சு காட்டிக்கொடுத்துடும். இப்போ மறதியா ரெண்டு தடவை கொட்டினாலும் தோட்டா வாயை மூடிக்கும், சுடும்போதுதான் தெரியும். அதனால்தான் நண்பர் ஒவ்வொரு தோட்டாவையும் விளக்கு வெளிச்சத்தில் எட்டிப் பார்த்துட்டுத்தான் குண்டை வைப்பாராம்.

இவ்வளவையும் படிச்சிட்டு இருக்கும்போதுதான் எங்க ஊர்ப்பக்கமே ஒருத்தர் இதே கணக்கோட வாழ்ந்தார்னு உறைச்சது. 1931-ல் ராமேஸ்வரத்தில் பிறந்த அப்துல் கலாம். அவர் திட்ட இயக்குநரா இருந்து செய்த எஸ்.எல்.வி-3, நாலு அடுக்கும் திட எரிபொருள். 22 மீட்டர் உயரம், 17 டன். திட எரிபொருள் ராக்கெட்டில் தீப்பிடிச்ச பிறகு திருகிக் குறைக்கக் குழாய் கிடையாது. எவ்வளவு வேகமா எரியணும்னு எரிபொருளை வார்க்கும்போதே, நடுத்துளையின் வடிவத்திலேயே முடிவு பண்ணிடணும். ராட்மன் துளையோட பேரப்பிள்ளைதான் அது. 1979 ஆகஸ்ட் 10-ல் முதல் முயற்சி, கட்டுப்பாட்டு அமைப்பில் ஏற்பட்ட கசிவால் கடலில் விழுந்தது. 1980 ஜூலை 18-ல் ரோகிணி வானில் ஏறியது.

மூணு வருஷம் கழிச்சு எங்க ஊர்ல குழாய் வெடிச்சது.

பெரியப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதுசில் இன்னொண்ணும் சொல்வார். அப்போ சின்னப் பையன் நான், காதில் மட்டும் விழுந்தது. "போன வருஷ மருந்து சோளம் மாதிரி இருந்துச்சுடா. இந்தத் தடவை வேற எங்கிருந்தோ வாங்கியாந்தாங்க. கேப்பை மாதிரிப் பொடிசா இருந்துச்சு." யாரும் அதைக் காதில் போட்டுக்கலை. சாக்குப் போட்டுக்கிறார்னு நினைச்சோம். கொட்டாங்குச்சி அதேதான், ஆனா சுள்ளிக்கும் அடிமரத்துக்கும் உள்ள வித்தியாசம் அந்தப் பையில் இருந்தது. மேலே இடிச்ச செங்கல் பொடி நகர்றதுக்குள்ள அழுத்தம் ஏறியிருக்கும்.

நிரூபிக்க முடியாது. பையும் இல்லை, குழாயும் இல்லை. குழாயில் ஏற்கெனவே விரிசல் இருந்திருக்கலாம். ஆனா அவர் சொன்னது நடந்திருக்கவே முடியாதுன்னு இனி யாரும் சொல்ல முடியாது.

போன ஞாயித்துக்கிழமை ஊருக்குப் போய்ப் பெரியம்மாகிட்ட உட்கார்ந்து சோளம், கேப்பை, சுள்ளி எல்லாம் சொன்னேன். முழுசாக் கேட்டாங்க. அப்புறம், "அவுக இருக்கும்போது இதைப் படிச்சிருக்கக் கூடாதாய்யா"ன்னாங்க. காபி போடறேன்னு எழுந்து உள்ளே போயிட்டாங்க.