காயல் என்னும் பெயர்

ஊர்ப்பெயர்களுள் மன்னர் பெயரால் அமைந்தவை உண்டு. மரத்தின் பெயராலும் மலையின் பெயராலும் அமைந்தவை உண்டு. கடற்கரை மக்களோ தம் ஊர்கள் பலவற்றுக்கு நீரின் பெயரையே சூட்டினர். கடல் கரையை அறுத்துக்கொண்டு உட்புகுந்து நிற்கும் இடத்தைத் தமிழர் கழி என்றும் காயல் என்றும் வழங்கினர். அரபிகள் அதனைக் ‘கவ்ர்’ என்பர். பேச்சில் அது ‘கோர்’ என ஒலிக்கும். கத்தர் நாட்டின் அல்கோரும், ஷார்ஜாவைச் சேர்ந்த கோர்பக்கானும் இச்சொல்லால் பெயர் பெற்றவையே. மரக்கலங்களுக்கு ஒதுங்கிடமும், ஊராருக்கு மீனும் உப்பும் தருவது கழி. அதனையே ஊருக்குப் பெயராக்கியதில் வியப்பில்லை.

தாமிரபரணி கடலொடு கலக்கும் பகுதியில் இப்பெயர் தாங்கிய ஊர்கள் மூன்று: பழையகாயல், புன்னைக்காயல், காயல்பட்டினம். இவற்றுக்கும் முந்திய துறை கொற்கை. கி.பி. முதல் நூற்றாண்டில் யவனர் அறிந்திருந்த அம்முத்துத் துறை, இன்று கடலை விட்டுப் பல கிலோமீட்டர் உள்ளே நிற்கிறது. ஆறு கொணர்ந்த வண்டல் கழியைத் தூர்த்தது, கடல் விலகிற்று, கொற்கைக்குக் கிழக்கே காயல் எழுந்தது. பின்னர் அதனையும் வண்டல் விடவில்லை. கால்டுவெல் 1881-இல் வெளியிட்ட திருநெல்வேலி வரலாற்றில் இவ்விடப்பெயர்ச்சியை விரித்துரைக்கிறார்.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிநாடு வந்த மார்க்கோ போலோ, ஹுர்முஸ், கீஸ், ஏடன் முதலிய இடங்களிலிருந்து குதிரைகளை ஏற்றிவந்த கலங்கள் யாவும் காயலைத் தொட்டதாக எழுதினார். இக்கரையை அரபிகள் ‘மஅபர்’, அதாவது கடந்து செல்லும் இடம் என்றனர். கீஸ் தீவின் ஜமாலுத்தீன் ஆண்டுதோறும் 1,400 குதிரைகள் அனுப்ப உடன்பட்டிருந்தார் என்றும், குதிரை ஒன்றின் விலை 220 பொற்காசுகள் என்றும் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் குறிக்கிறார். அத்துணைப் பெருஞ்செல்வமும் இக்கழிவாயின் ஆழத்தை நம்பியே கரையேறியது.

மார்க்கோ போலோ கண்ட காயல் எது? பழையகாயலே என்பது கால்டுவெல்லின் துணிபு. காயல்பட்டினமே என்பாரும் உளர். துறை இடம்பெயருந்தோறும் பெயரும் உடன் பெயர்ந்தது என்று கொண்டால், இவ்வழக்கின் கடுமை குறையும்.

இங்கு மற்றொன்றையும் தெளிதல் நலம். காயல்பட்டினத்து ஆலிம்கள் அரபியில் எழுதுங்கால் ஊரைக் ‘காஹிர்’ என்றும் தம்மைக் ‘காஹிரி’ என்றும் குறிப்பது மரபு. சதக்கத்துல்லாஹ் அப்பா அவர்களின் பெயரோடும் இவ்வடை சேர்ந்து வரும். இதுகொண்டு, ஊர்ப்பெயரே மிஸ்றின் தலைநகராகிய காஹிராவிலிருந்து பிறந்தது என்று கருதுவோர் உண்டு. முன்னோர் மிஸ்றிலிருந்து வந்தனர் என்னும் வழிவழிச் செய்தி வேறு. ஊர்ப்பெயரின் பிறப்பு வேறு. காஹிராவைக் கொண்டு விளக்கினால், பழையகாயலுக்கும் புன்னைக்காயலுக்கும் என்ன பொருள் சொல்வது? மூன்றுக்கும் பொதுவாய் நிற்பது நீர் ஒன்றே. பெயர் தமிழ் மண்ணில் பிறந்தது. அரபு எழுத்தில் ஒரு புதுக்கோலம் பூண்டது. இதனால் நம் முன்னோரின் பெருமைக்குக் குறைவில்லை. வந்த இடத்தின் சொல்லையே தம் ஊரின் பெயராக அவர்கள் ஏற்றுக்கொண்டனர் என்பதற்கு இதுவே சான்று.

இப்பெயரைப் பழங்கதை என்று ஒதுக்குதல் கூடாது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணியும் கரைபுரண்டது. தாழ்ந்த நிலமெங்கும் வெள்ளம் பரந்தது. கழியும் ஓடையும் தூர்ந்தாலும் நிலத்தின் சரிவு மாறுவதில்லை. மிகுந்த நீர் அச்சரிவையே நாடும். மனை வாங்குவோர் பத்திரத்தைப் பார்ப்பதோடு, அவ்விடத்தில் முன்பு நீர் ஓடிற்றா என்று ஊர்ப் பெரியவர்களையும் கேட்டறிதல் வேண்டும். எஞ்சியுள்ள ஓடைகளையும் கழிகளையும் தூர்க்காமல் காப்பது, காயல் எனத் தம் ஊருக்குப் பெயர் வைத்தவர்க்கு நாம் செலுத்த வேண்டிய கடன்.