ஸ்டாண்டர்ட் ஹெரால்ட்: உப்புக்காற்றில் ஒரு பழைய மகிழுந்தின் மீட்பு

ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் என்பது சென்னையை அடுத்த வண்டலூர்ப் பகுதியில் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் 1961 முதல் தயாரித்த சிறிய மகிழுந்து ஆகும். இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்ட் வண்டியே இந்தியாவில் இப்பெயரில் விற்பனைக்கு வந்தது. டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்னும் இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார், இதே வண்டியின் சேசிஸைக் குறுக்கி உருவாக்கப்பட்டது. பல ஆண்டுகள் மரத்தடியில் கிடந்து துருவேறிய ஒரு ஹெரால்டை இன்றும் ஓடவைக்க முடிகிறதென்றால், அதற்கு அந்த ஸ்போர்ட்ஸ் கார் உறவும் வண்டியின் விசித்திரமான கட்டமைப்புமே காரணங்கள். எனினும் இந்த மீட்புப் பணியில் ஒரு முரண் உண்டு. இங்கிலாந்து வடிவமைப்புக்குரிய உறுப்புகள் இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன. வண்டலூரில் மட்டும் செய்யப்பட்ட உறுப்புகள்தாம் கிடைப்பதில்லை.

உப்புக் கடற்கரை

பெரிய முதலியார்சாவடி, விழுப்புரம் மாவட்டத்தில் புதுச்சேரிக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி அமைந்துள்ள ஊர். சாவடி என்பது வழிப்போக்கர் தங்கிச் செல்லும் இடத்தைக் குறிக்கும் சொல். இதே கடற்கரையில் வடக்கே மரக்காணம் உப்பளங்கள் உள்ளன. சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் மரக்காணமே என்று ஆய்வாளர் சிலர் கருதுவர். உப்புக்கும் வண்டிப் பழுதுக்கும் உள்ள தொடர்பும் தமிழில் பழையதுதான். மேடுபள்ளமான வழியில் அச்சு முறிந்தால் மாற்றுவதற்காக, உப்பு வணிகரான உமணர் தம் வண்டியின் அடியில் இன்னொரு அச்சைக் கட்டி எடுத்துச் சென்ற செய்தி புறநானூற்றில் ஔவையார் பாடலில் இடம்பெறுகிறது.

உமணரின் மரவண்டியை உப்பு அரிக்கவில்லை. எஃகுத் தகட்டால் ஆன மகிழுந்தின் நிலை வேறு. அலைகள் உடையும்போது எழும் நுண்துளிகள் காற்றோடு வந்து தகட்டின் மேல் படிகின்றன. நீர் காய்ந்தபின் உப்பு எஞ்சுகிறது. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பு அந்த ஈரத்தை உறிஞ்சித் தானே கரைசலாகிவிடும். கிழக்குக் கடற்கரையில் இரவு நேரங்களில் இந்த அளவு சாதாரணம். ஆகவே மழை பெய்யாத மாதங்களிலும் வண்டி இரவில் நனைந்து பகலில் காய்கிறது. இந்த மாறிமாறி நிகழும் நனைதலே துருவுக்கு மிகவும் உகந்த சூழல். ஓடும் வண்டி அவ்வப்போது கழுவப்படுகிறது. நிறுத்திவைத்த வண்டிக்கு அதுவும் இல்லை.

உடல் கிடைக்காமல் பிறந்த வண்டி

1950களில் உலகின் பல நிறுவனங்கள் தனிச் சேசிஸைக் கைவிட்டு, உடலும் அடிப்பகுதியும் ஒரே கூடாகப் பற்றவைக்கப்பட்ட மகிழுந்துகளுக்கு மாறிக்கொண்டிருந்தன. கோவென்ட்ரி நகரின் ஸ்டாண்டர்ட்-டிரையம்ஃப் நிறுவனமும் அவ்வாறே செய்திருக்கும். ஆனால் அதற்கு உடற்கூடு செய்து தந்த ஃபிஷர் அண்ட் லட்லோ நிறுவனத்தை 1953இல் போட்டியாளரான பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் வாங்கிக்கொண்டது. புதிய வண்டிக்கு உடற்கூடு செய்து தர ஆளில்லை. எனவே பழைய முறைப்படி தனிச் சேசிஸ் அமைத்து, அதன்மேல் சிறுசிறு பகுதிகளாகச் செய்த உடலைப் போல்ட் போட்டு முடுக்கும் திட்டம் உருவானது. தோற்றத்தை வடிவமைத்தவர் இத்தாலியரான ஜியோவானி மிக்கெலோட்டி. வண்டி 1959 ஏப்ரலில் வெளியானது.

காலத்துக்கு ஒவ்வாத இந்த ஏற்பாட்டால் சில நன்மைகள் விளைந்தன. பேனட்டும் முன்பக்க மட்கார்டுகளும் ஒரே துண்டாக முன்னோக்கிக் கவிழ்வதால் எஞ்சினும் முன்சக்கரங்களும் முழுமையாக வெளியே தெரியும்; மெக்கானிக் டயரின் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். சுமார் 25 அடி வட்டத்தில் வண்டி திரும்பிவிடும். பிரித்து அனுப்பி வேறு நாட்டில் பூட்டுவதற்கும் இது வசதியாக இருந்தது. இந்தியாவுக்கு ஹெரால்ட் பொருந்திப்போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

வண்டலூரில்

ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா 1948இல் சென்னையின் யூனியன் கம்பெனி (மோட்டார்ஸ்) நிறுவனமும் கோவென்ட்ரி நிறுவனமும் இணைந்து தொடங்கியது. தொடக்கத்தில் ஸ்டாண்டர்ட் வேன்கார்ட் வண்டிகளைப் பூட்டி விற்றது. உள்நாட்டிலேயே உறுப்புகளைச் செய்யும் திட்டமில்லாத நிறுவனங்கள் தொடர இயலாது என்று இந்திய அரசு 1953இல் முடிவெடுத்தபின் ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் வெளியேறின. எஞ்சிய சில நிறுவனங்களுள் உத்தர்பாராவின் இந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாயின் பிரீமியர் ஆகியவற்றோடு வண்டலூரும் இடம்பெற்றது. அம்பாசடர், பியட் என்னும் இரு பெயர்களே இன்று நினைவில் நிற்கின்றன. மூன்றாவதாக ஓடிய சென்னை வண்டி பெரும்பாலும் மறக்கப்பட்டுவிட்டது.

உறுப்புகள் படிப்படியாக உள்நாட்டில் செய்யப்பட்டன. இங்கிலாந்தில் 1961இலேயே ஹெரால்ட் 1147 சிசி எஞ்சினுக்கு மாறிவிட்டது. வண்டலூரில் பழைய 948 சிசி எஞ்சினே நீடித்தது. இங்கிலாந்து ஹெரால்டில் நான்கு கதவு வடிவம் இருந்ததே இல்லை. பின்னிருக்கையில் குடும்பத்தோடு செல்லும் இந்திய வாடிக்கையாளருக்காக 1960களின் பிற்பகுதியில் வண்டலூர் நான்கு கதவு ஹெரால்டைத் தானே உருவாக்கியது. 1970களில் வந்த கெசல் என்னும் மாற்று வடிவத்தில் பின்னச்சு மாற்றப்பட்டது. ஹெரால்டின் பின்சக்கரங்கள் தனித்தனியே ஊசலாடுபவை; வளைவில் வேகமாகத் திரும்பும்போது உட்பக்கம் மடங்கும் இயல்புடையவை. கெசலில் அதற்குப் பதிலாகக் கெட்டியான ஒற்றை அச்சு வந்தது.

நிறுவனத்தின் கடைசி முயற்சி 1985இல் வெளியான ஸ்டாண்டர்ட் 2000. ரோவர் வண்டியின் நவீன உடலுக்குள் பழைய வேன்கார்ட் வழிவந்த எஞ்சினைப் பொருத்திய அந்த வண்டி விற்கவில்லை. 1988இல் மகிழுந்து உற்பத்தி நின்றது. அதன்பின் ஹெரால்ட் உரிமையாளர்களுக்கு உறுப்பு தர நிறுவனமே இல்லை.

உறையின் கீழ் கிடந்த ஸ்போர்ட்ஸ் கார்

ஸ்பிட்ஃபயரின் கதையே ஒரு மீட்புக் கதைதான். ஹெரால்டின் சேசிஸைக் குறுக்கி அதன்மேல் ஒரு ஸ்போர்ட்ஸ் காரை மிக்கெலோட்டி 1960இல் செய்து கொடுத்தார். அப்போது நிறுவனம் பணமுடையில் சிக்கியிருந்ததால் அந்த மாதிரி வண்டி தொழிற்சாலையின் ஒரு மூலையில் உறைபோட்டு ஒதுக்கப்பட்டது. 1961இல் லேலண்ட் நிறுவனம் ஸ்டாண்டர்ட்-டிரையம்ஃபை வாங்கியது. தொழிற்சாலையைச் சுற்றிப்பார்த்த லேலண்ட் நிருவாகி ஸ்டான்லி மார்க்லேண்ட் உறையைத் தூக்கிப் பார்த்து, அதை உற்பத்தி செய்யலாம் என்று இசைந்தார். 1962 அக்டோபரில் 1147 சிசி எஞ்சினோடு வெளியான ஸ்பிட்ஃபயர் 1980 வரை, மூன்று லட்சத்துக்கும் மேலான எண்ணிக்கையில் செய்யப்பட்டது. (எண்ணூரில் அசோக் லேலண்டில் பங்கு வைத்திருந்ததும் இதே லேலண்ட்தான், சென்னையின் வடகோடியிலும் தென்கோடியிலும் இருந்த இரு ஆலைகள் இவ்வாறு தூரத்து உறவாயின.)

இந்திய ஹெரால்டுக்கு இதனால் விளைந்த பயன் பெரிது. முன்சக்கரத் தாங்கமைப்பு, ஸ்டீயரிங், எஞ்சின் குடும்பம் ஆகியவை இரு வண்டிகளுக்கும் பொது. ஸ்பிட்ஃபயருக்கு உலகெங்கும் ஆர்வலர்கள் உள்ளதால் அவ்வுறுப்புகள் இன்றும் புதிதாகச் செய்யப்படுகின்றன. இங்கிலாந்தில் 1977இல் தொடங்கிய டிரையம்ஃப் ஸ்போர்ட்ஸ் சிக்ஸ் கிளப், தனிச் சேசிஸ் கொண்ட டிரையம்ஃப் வண்டிகளுக்காகவே இயங்குகிறது. வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார் அரிதான இந்தியாவில், சோழவரத்தில் இரண்டாம் உலகப்போர்க்கால விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களில் ஹெரால்டும் பியட்டும் மாற்றியமைக்கப்பட்டு ஓடின. சாலையில் ஊர்ந்த குடும்ப வண்டிக்குள் ஸ்பிட்ஃபயரின் எலும்பு இருப்பதை அந்தப் பந்தய வீரர்கள் அறிந்திருந்தனர்.

மீட்கும் முறை

கடற்கரையில் கிடந்த வண்டிக்குச் செய்யவேண்டிய முதல் வேலை அதைத் தொடக்கிப் பார்க்காமல் இருப்பது. பிஸ்டன் வளையங்கள் சிலிண்டர் சுவரோடு துருவால் ஒட்டியிருக்கும். பேட்டரி கொடுத்துச் சுழற்றினால் வளையம் உடையும். பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு துளையிலும் மெல்லிய எண்ணெயை ஊற்றிச் சில நாள் ஊறவிட்டுப் பின் கையால் மெதுவாகத் திருப்புவதே முறை. அசையாவிட்டால் ஹெட்டைக் கழற்றவேண்டும். 948 சிசி எஞ்சினின் சிலிண்டர் விட்டம் 63 மில்லிமீட்டர். துருக்குழி ஆழமாக இல்லையெனில் லேத் பட்டறையில் சற்றே அகலப்படுத்தி அளவு கூடிய பிஸ்டன் போடலாம்.

அடுத்தது கழுவுதல். இதைப் பலர் தவறவிடுகின்றனர். தேய்க்கும் கம்பித் தூரிகையை எடுக்குமுன் உப்பை நீக்கவேண்டும். துருக்குழிகளின் அடியில் குளோரைடு தங்கினால் மேலே எத்தனை பூச்சு பூசினாலும் சில மாதங்களில் கொப்புளம் கிளம்பும். கழுவும் நீர் நல்ல நீராக இருக்கவேண்டும் என்பது இக்கடற்கரையில் கவனிக்கத்தக்கது. கடல்நீர் ஊடுருவிய ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரால் கழுவுவது உப்பை உப்பால் கழுவுவதே. பலமுறை கழுவி, வெயிலில் உலர்த்தி, மீண்டும் கழுவுவர்.

பின்னர் உடலைப் பிரிப்பது. ஹெரால்டின் தனித்தன்மை இங்கேதான் தெரிகிறது. ஒரே கூடான வண்டியில் அடிப்பக்கம் உளுத்துப்போனால் உடலையே வெட்டவேண்டும். ஹெரால்டில் பேனட், கதவுகள், பின்பகுதி எனப் போல்ட்டுகளைக் கழற்றி ஒவ்வொன்றாக இறக்கிவிடலாம். துருப்பிடித்த போல்ட்டு எளிதில் கழலாது. சூடேற்றியும் எண்ணெய் விட்டும் பொறுமையாகத் திருகவேண்டும், இல்லையேல் தலை முறியும். உடல் இறங்கியபின் சேசிஸ் முழுவதும் கண்ணுக்குத் தெரியும். நடுவில் செல்லும் இரட்டை விட்டங்கள் பெரும்பாலும் தப்பித்திருக்கும். அவற்றிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள்தாம் சேறும் ஈரமும் தேங்கி உள்ளிருந்து அழுகும். வெளியே பெயின்ட் நன்றாக இருக்கும். சுத்தியலால் தட்டினால் கேட்கும் மொத்தை ஒலியே உண்மையைச் சொல்லும். அழுகிய பகுதியை வெட்டி அதே கனமுள்ள தகட்டைப் பற்றவைக்கவேண்டும். ஓட்டையைப் பட்டியால் அடைத்து மேலே பெயின்ட் அடிப்பது விற்பனைக்கான வேலையே தவிர மீட்பு ஆகாது. மூடிய பகுதிகளுக்குள் கடைசியாக மெழுகுக் கரைசலைச் செலுத்துவர்.

கைப்பிடி, அடைப்பு, தாங்கி போன்ற சிறு எஃகு உறுப்புகளுக்கு மின்னாற்பகுப்பு முறை நல்லது. பிளாஸ்டிக் தொட்டியில் சலவைச் சோடா கரைசல், பேட்டரி சார்ஜரின் எதிர்முனையில் துருப்பிடித்த உறுப்பு, நேர்முனையில் வேண்டாத இரும்புத் துண்டு: இவ்வளவே. துருப்பிடிக்காத எஃகை நேர்முனையில் வைக்கக் கூடாது. அதிலுள்ள குரோமியம் நச்சுக் கரைசலாகும். வெளிவரும் ஹைட்ரஜன் தீப்பற்றக்கூடியது என்பதால் திறந்தவெளியில் செய்யவேண்டும்.

முன்சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் திருகுமூட்டு, ஹெரால்டுக்கும் ஸ்பிட்ஃபயருக்கும் பொதுவான பலவீனம். இதற்கு இடவேண்டியது கெட்டியான கியர் எண்ணெய். நிப்பிளைக் கண்டால் கிரீஸ் அடிப்பது பட்டறை வழக்கம். கிரீஸ் உள்ளே இறங்காமல் நீரைத் தங்கவிடும், எஃகுத் தண்டு துருவேறி ஒருநாள் முறியும், சக்கரம் மடிந்துவிடும். பளபளக்கும் பெயின்டோடு சாலைக்கு வரும் வண்டியில் பார்க்கப்படாமல் விடப்படும் இடமும் இதுவே. பிரேக் சிலிண்டர்களையும் ரப்பர்க் குழாய்களையும் நிலைமை எப்படியிருந்தாலும் மாற்றிவிடவேண்டும்.

எரிபொருளும் மாறிவிட்டது. 2000ஆம் ஆண்டு முதல் நாடு முழுவதும் ஈயம் கலவாத பெட்ரோலே விற்கப்படுகிறது. பழைய வார்ப்பிரும்பு ஹெட்டில் வால்வு இருக்கைகள் தேயாமலிருக்க, கடினமான வளையம் பதிப்பதுண்டு. 2023 முதல் படிப்படியாக வந்த 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர்க் குழாய்களை இளகச் செய்வதோடு காற்றின் ஈரத்தையும் உறிஞ்சும். உப்புக்காற்றில் வெளியே துருப்பிடிக்கும் வண்டி, ஓட்டாமல் வைத்தால் டேங்குக்குள்ளும் துருப்பிடிக்கும்.

எது அசல்?

ஒன்றிய அரசு 2021 ஜூலையில் மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, முதற்பதிவாகி 50 ஆண்டு கடந்த வாகனங்களுக்குத் தனிப் பதிவு முறையைக் கொண்டுவந்தது. கட்டணம் 20,000 ரூபாய்; எண்பலகையில் மாநிலக் குறியீட்டை அடுத்து 'விஏ' என்னும் எழுத்துகள் வரும். கண்காட்சி, பழைய வண்டிப் பேரணி, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு போன்றவற்றுக்கே சாலையில் ஓட்டலாம். அன்றாடப் பயன்பாட்டுக்கு இடமில்லை. வண்டலூர் ஹெரால்டுகள் வயதளவில் இதற்குத் தகுதியானவையே.

சிக்கல் வேறிடத்தில். வண்டி மூல வடிவில் இருக்கவேண்டும், சேசிஸ், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் மாற்றம் கூடாது என்கிறது விதி. இங்கிலாந்தில் ஹெரால்டுக்குப் பெரிய ஸ்பிட்ஃபயர் எஞ்சினைப் பொருத்துவது சகஜம். இங்கே அது அசல் தகுதியைக் கெடுக்கும். அழுகிய சேசிஸ் கையை அதே வடிவில் வெட்டி ஒட்டுவது பழுதுபார்ப்பு. சேசிஸையே மாற்றினால் அதில் பொறித்த எண்ணும் மாறும், வண்டியின் அடையாளமும் மாறும். பெரிய முதலியார்சாவடி போன்ற எல்லையோர ஊர்களில் இன்னொரு தொல்லையும் சேரும். புதுச்சேரியில் பதிவான வண்டியைத் தமிழ்நாட்டில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் தடையின்மைச் சான்று பெற்று மறுபதிவு செய்யவேண்டும். பழைய பதிவுப் புத்தகம் கரையானுக்கு இரையாகியிருந்தால் வண்டியை மீட்பதைவிடக் காகிதத்தை மீட்பது கடினம்.

நான்கு கதவு ஹெரால்டின் பின்கதவு, கெசலின் பின்னச்சு போன்றவற்றை எந்த இங்கிலாந்துக் கடையும் விற்பதில்லை. சென்னை புதுப்பேட்டையிலோ ஊர்ப்புறக் காயலான் கடையிலோ இன்னொரு வண்டி உடைபடும்போதே அவை கிடைக்கும். ஒரு வண்டி ஓட மற்றொன்று அழியவேண்டும். எனவே ஆர்வலர்கள், இனி ஓடவே ஓடாது என்று தெரிந்த ஹெரால்டையும் எடைக்குப் போடவிடாமல் வாங்கி, கதவுகளைக் கழற்றி, எண்ணெய் தடவி, கடற்காற்று படாத அறையில் அடுக்கி வைக்கின்றனர்.