திரை காணாத யுத்தம்

தொலைக்காட்சி வந்தபின் யுத்தத்தில் எதையும் மறைக்க முடியாது என்று பேசுவோர் நம்மில் பலர். கண்ணாற் கண்டதே மெய் என்பது அவர்கள் கொள்கை. கெடாத் தமிழர் கண்ட யுத்தத்தையும் அந்தத் திரையின் வரலாற்றையும் சேர்த்து நோக்கினால், அக்கொள்கை எவ்வளவு தூரம் நிற்கும் என்பது விளங்கும்.

பி.பி.சி.யார் லண்டனில் அலெக்ஸாந்திரா மாளிகையிலிருந்து 1936 நவம்பர் 2ஆம் தேதி தொலைக்காட்சி ஒளிபரப்பைத் தொடங்கினர். மூன்றாண்டு கூட நிறையவில்லை. ஹிட்லர் படை போலந்துக்குள் புகுந்த 1939 செப்டம்பர் 1ஆம் தேதி, மிக்கி எலியின் கேலிச்சித்திரம் ஒன்றைக் காட்டிய சிறிது நேரத்தில் நிலையம் மூடப்பட்டது. அந்த அலைகளையே வழிகாட்டியாகக் கொண்டு பகைவர் விமானங்கள் வந்துவிடும் என்று சர்க்கார் அஞ்சிற்று. அங்கிருந்த நிபுணர்களும் ராடார் வேலைக்குத் தேவைப்பட்டனர். 1946 ஜூன் 7 வரை திரை இருண்டே கிடந்தது.

ஆகவே யுத்தச் செய்திக்கு நமக்கு வாய்த்தது வானொலிதான். அதுவும் துரை பங்களாவிலும் பட்டணத்துச் செல்வர் வீட்டிலும் இருந்தது. லயத்து மக்களுக்கு எட்டியது வாய்வழிச் செய்தியே. 1941 டிசம்பர் 8ஆம் தேதி சயாம் கரையில் இறங்கிய ஜப்பானியர், சில நாளில் ஜித்ராவில் 11ஆம் இந்திய டிவிஷனை முறியடித்து அலோர் ஸ்டாரைக் கைப்பற்றினர். செய்தி வருமுன் யுத்தமே வந்துவிட்டது! பினாங்கின் மீது 11ஆம் தேதி குண்டு விழுந்தது. சில நாளில் ஐரோப்பியர் மட்டும் இரவோடிரவாக அங்கிருந்து வெளியேற்றப்பட்டனர். பிறகு அமைச்சர் டஃப் கூப்பர் வானொலியிற் பேசுகையில், பினாங்கு மக்களிற் பெரும்பாலோர் பத்திரமாக அப்புறப்படுத்தப்பட்டதாகச் சொன்னார். தீவில் விடப்பட்டிருந்த தமிழரும் சீனரும் மலாய்க்காரரும் அவர் கணக்கில் ஜனங்களாகவே இல்லை போலும்!

ஜப்பானியர் வந்தபின் வானொலி அவர்கள் குரலாயிற்று. அயல்நாட்டு ஒலிபரப்பைக் கேட்பது கொடுந்தண்டனைக்குரிய குற்றமாயிற்று. 1943 ஜூலையில் சிங்கப்பூர் வந்த சுபாஷ் சந்திர போஸின் முழக்கத்தைக் கேட்டு நம்மவர் சிலிர்த்ததும் அக்காலத்தில்தான். அதே ஆண்டில் மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம்–பர்மா ரயில் பாதைக்கு ஆட்கள் கொண்டு செல்லப்பட்டனர். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதைக்கு மலாயாவினின்று சென்றோர் 70,000க்கு மேற்பட்டவர். அவர்களிற் பெரும்பாலோர் தமிழர். காலராவாலும் பட்டினியாலும் ஆயிரமாயிரமாய் மடிந்தனர். எந்த வானொலி அதைச் சொல்லிற்று? தப்பித் திரும்பிய ஒருவர் லயத்து வாசலில் அமர்ந்து சொன்னால்தான் செய்தி. அவர் சொல்லும்வரை, மனைவிமார் தாலியைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமலே இருந்தனர்.

நம் நாட்டில் தொலைக்காட்சியைத் துங்கு அப்துல் ரகுமான் 1963 டிசம்பர் 28ஆம் தேதி தொடங்கி வைத்தார். அவர் அலோர் ஸ்டாரிற் பிறந்தவர். அப்போது இந்தோனேசியாவுடன் மோதல் நடந்துகொண்டிருந்தது. நிலையம் சர்க்காருடையது, எதைக் காட்டுவது, எதை விடுவது என்பதும் சர்க்கார் கையில். இதைக் குறையென்று கூறவில்லை. யுத்த காலத்தில் எந்த நாட்டிலும் இதுதான் நடப்பு.

மாறாக நடந்ததும் உண்டு. 1965 ஆகஸ்டில் வியட்நாமின் காம் நே கிராமத்தில் அமெரிக்க வீரன் ஒருவன் கூரைக் குடிசைக்குத் தீ வைத்ததை சி.பி.எஸ். நிருபர் மார்லி சேஃபர் படம் பிடித்து அமெரிக்கர் வீட்டுக்கே அனுப்பினார். படைத்தலைவர்கள் கொதித்தனர்; படமோ வெளிவந்துவிட்டது. சொந்தப் படையின் செயலைச் சொந்த ஜனங்களுக்கே காட்டத் துணிந்த ஒருவர் அங்கே இருந்தார்.

சயாம் பாதையோரத்துக் குடிசைகளில் நம்மவர் மாண்டபோது அத்தகைய ஒருவர் இல்லை. ஜப்பானியர் அப்பாதையைப் படம் எடுத்ததுண்டு. அது பொறியியற் பெருமைக்கு எடுத்தது. உயிருடன் மீண்ட தோட்டத்து முதியவர் சிலரின் வாய்மொழி படச்சுருளில் ஏறியது பல்லாண்டுகள் கழித்துத்தான். அதற்குள் அவர்களோடு சென்றவர்களிற் பலருடைய பெயரைச் சொல்லவும் ஆளில்லை.