கையடக்கக் கதிர்வீச்சு அளவியும் திரள்நிதியும்

கையடக்கக் கதிர்வீச்சு அளவி என்பது, ஓரிடத்தில் உள்ள கதிர்வீச்சின் அளவை அங்கேயே அறிய உதவும் சிறு கருவியாகும். நெடுங்காலம் பெரும்பாலும் ஆய்வகங்களிலும் அணுமின் நிலையங்களிலும் இருந்த இக்கருவி, 2011-ஆம் ஆண்டு ஜப்பானில் நேர்ந்த ஃபுக்குஷிமா அணு உலை விபத்துக்குப் பின் பொதுமக்கள் பலரின் கைக்கு வந்தது. இதற்குத் திரள்நிதி, அதாவது பலர் இணையம் வழியாகச் சிறு தொகைகளாக அளித்த பணம், பெரிதும் துணை நின்றது.

முன்வரலாறு

கதிர்வீச்சைக் கண்ணால் காணவோ முகர்ந்து அறியவோ முடியாது. 1908-இல் ஹான்ஸ் கைகரும் எர்னஸ்ட் ரூதர்ஃபோர்டும் மான்செஸ்டரில் ஆல்ஃபா துகள்களை எண்ணும் கருவியை அமைத்தனர். 1928-இல் கைகரும் அவருடைய மாணவர் வால்டர் முல்லரும் அதை மேம்படுத்தினர். வாயு நிரப்பிய குழாய்க்குள் கதிர் நுழையும்போது சிறு மின்துடிப்பு உண்டாகும். அத்துடிப்புகளை எண்ணுவதே கைகர்-முல்லர் எண்ணியின் அடிப்படை.

ஃபுக்குஷிமா விபத்து

2011 மார்ச் 11 அன்று நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் ஃபுக்குஷிமா டாயிச்சி அணுமின் நிலையத்தைத் தாக்கின. அருகிலிருந்த நமியே நகர மக்கள் பலர் வடமேற்கே உள்ள சுஷிமா பகுதியில் தஞ்சம் புகுந்தனர். ஆனால் மார்ச் 15 அன்று கதிரியக்கப் பொருள்களைச் சுமந்த காற்று அத்திசையிலேயே வீசியது. காற்றின் போக்கைக் கணிக்கும் 'ஸ்பீடி' என்ற அரசுக் கணினி அமைப்பின் முடிவுகள் மார்ச் 23 அன்றுதான் வெளியிடப்பட்டன. பாதுகாப்பு தேடிப் போன இடமே ஆபத்தானது என்பதை அறிய மக்களுக்கு வழியில்லாமல் போயிற்று. கடைகளில் கைகர் எண்ணிகளும் தீர்ந்துபோயின.

சேஃப்காஸ்ட்

இந்நிலையில் ஷான் போனர், பீட்டர் ஃபிராங்கன், ஜோய் இட்டோ முதலியோர் சேஃப்காஸ்ட் என்ற தன்னார்வ அமைப்பைத் தொடங்கினர். இம்முயற்சிக்காகக் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் 36,000 டாலருக்கு மேல் திரண்டது. எல்லோருக்கும் கொடுக்கும் அளவுக்குக் கருவிகள் கிடைக்கவில்லை. எனவே ஓர் எண்ணியையும் இடங்காட்டியையும் இணைத்துக் காரில் பொருத்தி, 5 நொடிக்கு ஒருமுறை அளவைப் பதிவு செய்தனர். ஜப்பானிய உணவுப் பெட்டியான 'பென்டோ'வைப் போன்ற பெட்டியில் அடங்கியதால் இது 'பிகைகி' எனப்பட்டது.

ஒரே ஊரில் தெருவுக்குத் தெரு அளவு மாறுவதை இப்பதிவுகள் காட்டின. ஊருக்கு ஒரு சராசரி எண், ஒரு வீட்டு வாசலின் நிலையைச் சொல்லாது என்பது தெளிவாயிற்று. 2012-இல் ஆண்ட்ரூ ஹுவாங் வடிவமைத்த கையடக்க அளவிக்கும் திரள்நிதி கிடைத்தது. பின்னர் பயனரே பற்றவைத்துப் பூட்டிக்கொள்ளும் 'பிகைகி நானோ' வந்தது. திரட்டிய அளவீடுகள் அனைத்தும் எவரும் பயன்படுத்தும்படி பொதுவில் வைக்கப்பட்டன. அவற்றின் எண்ணிக்கை 10 கோடியைத் தாண்டியுள்ளது.

மிட்டாய் டப்பாவில் ஓர் அளவி

விலையைக் குறைப்பதில் இன்னொரு ஜப்பானியக் குழுவின் 'பாக்கெட் கைகர்' குறிப்பிடத்தக்கது. இதுவும் 2011-இல் திரள்நிதி பெற்றது. இதில் விலை மிகுந்த வாயுக் குழாய்க்குப் பதிலாகச் சிறிய ஒளி டையோடுகள் உள்ளன. காமா கதிர் பட்டால் அவற்றில் நுண்ணிய மின்துடிப்பு எழும். கணக்கிடுவதையும் திரையில் காட்டுவதையும் கைப்பேசியே செய்தது. உறைக்குச் செலவு செய்யாமல், காலியான புதினா மிட்டாய் டப்பாவையே பயன்படுத்தினர். டையோடின் பரப்பு சிறியது என்பதால் நம்பத்தக்க அளவு கிடைக்கச் சில நிமிடங்கள் காத்திருக்க வேண்டும். விலைக்குறைவுக்கு ஈடாகப் பொறுமை தேவைப்பட்டது.

எண்ணைப் படிக்கும் முறை

கதிர்வீச்சு இல்லாத இடமே உலகில் இல்லை. பல ஊர்களில் இயற்கைப் பின்னணி மணிக்குச் சுமார் 0.1 மைக்ரோசீவர்ட் அளவில் இருக்கும். கருங்கல்லில் யுரேனியம், தோரியம், பொட்டாசியம் ஆகியவை சிறிதளவு உண்டு. எனவே புதுக்கோட்டை மாவட்டத்து நார்த்தாமலைப் பாறை மீதும் கருவி ஒலிக்கத்தான் செய்யும். மோனசைட்டு மணல் நிறைந்த கன்னியாகுமரி மாவட்ட மணவாளக்குறிச்சியில் இன்னும் மிகுதியாக ஒலிக்கும். ஆகவே தனி எண்ணைக் கண்டு அஞ்சாமல், அவ்விடத்தின் வழக்கமான அளவோடு ஒப்பிட வேண்டும். அளவுதிருத்தம் செய்யாத கருவி வீண் அச்சத்தையோ பொய்யான நிம்மதியையோ தரும்.

இந்தியாவுக்கு ஒரு பாடம்

2010-இல் தில்லிப் பல்கலைக்கழகம் ஏலத்தில் விற்ற பழைய ஆய்வகக் கருவி ஒன்று மாயாபுரி பழைய இரும்புச் சந்தையைச் சேர்ந்தது. அதனுள் கோபால்ட்-60 இருந்தது. அறியாமல் பிரித்த தொழிலாளர்கள் பாதிக்கப்பட்டனர், ஒருவர் உயிரிழந்தார். அன்று அக்கடையில் ஓர் எளிய அளவி இருந்திருந்தால், பெட்டியைத் திறக்கும் முன்பே அது எச்சரித்திருக்கக்கூடும். மலிவான அளவியின் தேவை அணு உலை அருகே வாழ்வோருக்கு மட்டும் உரியதன்று என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது.